ரெண்டு கிலோ விதை, நாலு கிலோ கடன்

இந்த எபிசோடைக் கேட்க நேரமில்லாதவங்களுக்காக, பேசினதைக் கொஞ்சம் சுருக்கி, கொஞ்சம் திருத்தி இங்கே போட்டிருக்கோம்.

ஒரு போன் காலிலிருந்து ஆரம்பிக்கிறேன். சென்னையில வீட்டுப் பக்கத்துல ஒரு ஆர்கானிக் கடை இருக்கு. போன மாசம் அங்கே போய் கருப்பு கவுனி ஒரு கிலோ, மாப்பிள்ளை சம்பா ஒரு கிலோ வாங்கினேன். விலையைப் பார்த்ததும் கொஞ்சம் நெஞ்சு அடைச்சது உண்மை. ஆனா ஒரு பெருமையும் வந்துச்சு. பாரம்பரிய நெல்லைக் காப்பாத்துற வேலையில நம்மளும் ஒரு பங்கு எடுத்துக்கறோம் இல்லையா? அதே உற்சாகத்தோட திருத்துறைப்பூண்டி பக்கம் ஊர்ல இருக்கிற பெரியப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

அவர் சிரிச்சார். "நல்லதுடா தம்பி. மெட்ராஸ்ல எல்லாரும் அதே நாலு ரகத்தைத்தான் வாங்குறீங்க. மத்ததெல்லாம் யாரு வாங்குறது?"

எங்கிட்ட பதில் இல்லை. அந்தக் கேள்வியை வச்சுக்கிட்டு ரெண்டு வாரம் படிச்சேன், ஒரு சனி ஞாயிறு ஊருக்கும் போய்ட்டு வந்தேன். அதுல தெரிஞ்சுக்கிட்டதுதான் இன்னிக்கு எபிசோடு.

முதல்ல நம்ம தட்டுல என்ன இருக்குன்னு பார்ப்போம். சென்னையில பாதி வீட்டுல பொன்னி அரிசிதான். பொன்னிங்கறது காவிரிக்கே இன்னொரு பேரு. அதனால அது சோழர் காலத்துலேருந்து தஞ்சாவூர்ல விளையுற நெல்லுன்னு நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்லை. பொன்னியோட மூலம் மசூரிங்கற ரகம். தைவானோட தைச்சுங் 65, மலேசியாவோட மயாங் எபோஸ் 80, இந்த ரெண்டையும் கலந்து மலேசியாவுல உருவாக்கினது. அதுலேருந்து தேர்வு பண்ணின வெள்ளைப் பொன்னியை நம்ம வேளாண் பல்கலைக்கழகம் 1986-ல வெளியிட்டது.

கடையில "ஆந்திரா பொன்னி"ன்னு விக்கறாங்களே, அது வேற. அதோட பேரு பி.பி.டி. 5204. ஆந்திராவோட பாபட்லா ஆராய்ச்சி நிலையம் உருவாக்கினது. அதோட வம்சாவளியில மூணு பேர் இருக்காங்க. ஒண்ணு, இப்ப சொன்ன மசூரி. ரெண்டாவது, தைவானோட ஒரு குட்டை ரகம். மூணாவது ஜி.இ.பி. 24. இந்த ஜி.இ.பி. 24-ஐ கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-ல வெளியிட்டது. நம்ம ஊர்ல அதுக்கு கிச்சிலி சம்பான்னு பேரு.

இதை ஏன் சொல்றேன்னா, "பாரம்பரிய நெல் நல்லது, புது நெல் கெட்டது"ன்னு நம்ம ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல நடக்குற சண்டை இருக்கே, அது அடிப்படையிலேயே தப்பான இடத்துல நிக்குது. புதுசுக்குள்ள பழசு இருக்கு. பழசு இல்லைன்னா புதுசு செய்யவே முடியாது. அப்போ இவ்வளவு பழைய ரகங்கள் எங்கே போச்சு?

1960-61-ல மத்திய அரசு தீவிர வேளாண் மாவட்டத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சது. சில மாவட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து விதை, உரம், கடன் எல்லாத்தையும் மொத்தமா ஒரே இடத்துல கொடுக்கறது. தமிழ்நாட்டுல அதுக்குத் தேர்வானது தஞ்சாவூர். அப்போ தஞ்சாவூர் மாவட்டம்னா இன்னிக்கு இருக்கிற திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் சேர்ந்தது. 60-கள் நடுவுல ஆடுதுறை நிலையத்துலேருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பானோட நோரின் 10-ஐயும் நம்ம ஜி.இ.பி. 24-ஐயும் கலந்தது. பாருங்க, அதே கிச்சிலி சம்பா மறுபடியும் வருது. 1966-ல பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8-ஐ வெளியிட்டது.

பழைய ரகங்கள் உயரமானவை. காட்டுயானம் ஏழு அடி வளரும். யானையே உள்ளே நின்னா தெரியாதுங்கறதாலதான் அந்தப் பேருன்னு சொல்வாங்க. அந்த உயரமான பயிருக்கு யூரியாவை அள்ளிப் போட்டா என்ன ஆகும்? கதிர் கனம் தாங்காம சாஞ்சிடும். சாஞ்ச பயிர் தண்ணியில கிடந்து முளைச்சுடும். ஐ.ஆர். 8 குட்டை. எவ்வளவு உரம் போட்டாலும் நிமிர்ந்து நிக்கும். அந்தக் குட்டைத்தன்மையைக் கொடுக்கிறது ஒரே ஒரு மரபணு. தைவானோட டீ-ஜியோ-வூ-ஜென்ங்கற ரகத்துலேருந்து வந்தது. அதுக்கப்புறம் உலகம் முழுக்க வந்த குட்டை ரகங்கள்ல பெரும்பாலானது அதே மரபணுவைத்தான் சுமக்குது.

இதுல வில்லன் யாரும் கிடையாது. இதை அழுத்திச் சொல்லணும். அமெரிக்கக் கப்பல்ல கோதுமை வந்தாதான் சாப்பாடுன்னு நாடு இருந்த காலம் அது. பெரியப்பா சொன்னார்: "நாங்க சின்னப் பசங்களா இருந்தப்போ ராத்திரி கேப்பைக் கூழுதான். ஐ.ஆர். எட்டு சோறு வாயில வைக்க விளங்காது, ஆனா வயிறு ரொம்பும்." அதை அனுபவிச்சவங்க சொல்லும்போது நான் இங்கே ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு பசுமைப் புரட்சியைத் திட்டறது நியாயமில்லை.

ஆனா ஒரு இன்ஜினியரா எனக்கு வேற ஒரு பயம் வருது. 2021 டிசம்பர் ஞாபகம் இருக்கா? லாக்-ஃபோர்-ஜே. ஐ.டி.-யில இருக்கிறவங்க யாரும் அந்த வார இறுதியில தூங்கியிருக்க மாட்டீங்க. ஜாவால எழுதின பாதி உலகம் அந்த ஒரே லைப்ரரியைத்தான் பயன்படுத்திக்கிட்டிருந்தது. நல்ல லைப்ரரிதான், அதனாலதான் எல்லாரும் பயன்படுத்தினாங்க. அதுல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சதும் எல்லார் வீட்டுக் கதவும் ஒரே நாள்ல திறந்துக்கிச்சு.

விவசாயத்துல இது ஏற்கெனவே நடந்திருக்கு. 1970-ல அமெரிக்காவுல மக்காச்சோளப் பயிர்ல கிட்டத்தட்ட 15 சதவீதம் ஒரே பூஞ்சை நோயில போச்சு. காரணம், கலப்பின விதை உற்பத்தியைச் சுலபமாக்க கம்பெனிகள் எல்லாம் ஒரே வகைத் தாய்ச் செடியைப் பயன்படுத்தியிருந்தாங்க. பாக்கெட்ல பேரு வேற வேற, உள்ளே பலவீனம் ஒண்ணே.

நெல்லுலயும் கிட்டத்தட்ட அந்த நிலைமை வந்தது. 70-கள் ஆரம்பத்துல புல் குட்டை வைரஸ்னு ஒரு நோய் ஆசியா முழுக்கப் புது ரகங்களைத் தாக்கிச்சு. தத்துப்பூச்சி பரப்புற நோய். நெல் ஆராய்ச்சி நிறுவனத்துல 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை ஒவ்வொண்ணா எடுத்து சோதிச்சாங்க. எதிர்ப்புச் சக்தி இருந்தது ஒரே ஒரு மாதிரியில. அது பயிரிடுற நெல்லே இல்லை, உத்தரப்பிரதேசத்துலேருந்து சேகரிச்சு வச்சிருந்த ஒரு காட்டு நெல். ஒரைசா நிவாரான்னு பேரு. அதுலேருந்து அந்த மரபணுவை எடுத்துக் கலந்துதான் ஐ.ஆர். 36 மாதிரியான ரகங்கள் வந்துச்சு. அந்தக் காட்டு நெல்லைச் சேகரிச்சவருக்கு அது எதுக்குப் பயன்படும்னு அப்போ தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொரு உதாரணம், நம்ம டெல்டாவுக்கு நேரடியா சம்பந்தப்பட்டது. ஒடிசாவுலேருந்து வந்த எஃப்.ஆர். 13ஏன்னு ஒரு பழைய ரகம். விளைச்சல் குறைவு, சோறும் சுமார். ஆனா முழுசா தண்ணிக்குள்ள மூழ்கி ரெண்டு வாரம் கிடந்தாலும் தண்ணி வடிஞ்சதும் மறுபடி துளிர்க்கும். மத்த பயிர் மூழ்கினதும் மூச்சுக்காக மேலே எட்டி எட்டி வளர்ந்து, இருக்கிற சக்தியெல்லாம் செலவழிச்சுச் செத்துடும். இது அப்படியே வளர்ச்சியை நிறுத்திட்டு, சக்தியைச் சேமிச்சு வச்சுக்கிட்டு உள்ளே காத்திருக்கும். சர்வர் லோடு தாங்காம போனா தேவையில்லாத சர்வீசை எல்லாம் நிறுத்தறோம் இல்லையா, அதே கதை. இதுக்குக் காரணமான சப்-1ங்கற மரபணுவை 2006-ல கண்டுபிடிச்சாங்க. அதைப் பிரபலமான ரகங்களுக்குள்ள கொண்டு வந்தாங்க. இன்னிக்கு டெல்டாவுல தாழ்வான நிலம் வச்சிருக்கிறவங்க போடுற சி.ஆர். 1009 சப்-1, அந்த ஒடிசா நெல்லோட பேரன்தான். ஐப்பசி கார்த்திகையில வயல்ல தண்ணி நிக்கறதைப் பார்த்தவங்களுக்கு அதோட மதிப்பு தெரியும்.

ஆக, பாரம்பரிய நெல்லை ஏன் காப்பாத்தணும்னு கேட்டா, "சர்க்கரை குறையும், இடுப்பு வலி போகும்"ங்கறது என் பதில் இல்லை. நாளைக்கு என்ன பிரச்சினை வரும்னு நமக்குத் தெரியாது, அதுக்கான தீர்வு எந்த நெல்லுக்குள்ள இருக்குன்னும் தெரியாது. அதனால எல்லாத்தையும் வச்சிருக்கணும். அவ்வளவுதான்.

சரி, எங்கே வச்சிருக்கறது? உடனே நமக்குத் தோணறது ஃப்ரீசர். அதுவும் இருக்கு. டெல்லியில தேசிய ஜீன் பேங்க் இருக்கு. பிலிப்பைன்ஸ்ல நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கிட்ட 1,30,000-க்கும் மேல நெல் மாதிரிகள் இருக்கு. நார்வேயில ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகம் 2008-ல திறந்தது, மைனஸ் 18 டிகிரியில மலைக்குள்ள. இதைக் கிண்டல் பண்றவங்க இருக்காங்க. நான் பண்ண மாட்டேன். சிரியாவுல போர் வந்து அலெப்போ பக்கத்துல இருந்த விதை வங்கியை அணுக முடியாம போனப்போ, 2015-ல ஸ்வால்பார்ட்லேருந்துதான் அந்த விதைகளோட நகலைத் திரும்ப வாங்கினாங்க. லெபனான்லயும் மொராக்கோவுலயும் விதைச்சு, பெருக்கி, 2017-லேருந்து மறுபடியும் அங்கேயே கொண்டு போய் வைக்க ஆரம்பிச்சாங்க. பேக்அப் எடுத்து, ரீஸ்டோர் பண்ணி, மறுபடி பேக்அப். பாடப்புத்தகத்துல வர மாதிரி ஒரு உதாரணம்.

ஆனா பேக்அப் மட்டும் போதாது. ஃப்ரீசர்ல இருக்கிற விதை, உள்ளே போன வருஷத்துலயே நின்னுடுது. வெளியே மழை மாறுது, பூச்சி மாறுது, கடல் தண்ணி உள்ளே வருது. வருஷா வருஷம் வயல்ல இருக்கிற விதைதான் அதோடெல்லாம் மோதி மாறிக்கிட்டே இருக்கும். ரெண்டாவது, அந்த விதையை எந்த மண்ணுல, எந்தப் பட்டத்துல, எவ்வளவு தண்ணியில போடணும்ங்கற அறிவு ஃப்ரீசருக்குள்ள போகாது. கோட் இருக்கு, டாக்குமென்டேஷன் இல்லை. எழுதினவர் வேலையை விட்டுப் போய்ட்டார். நம்ம ஆபீஸ்ல இது எவ்வளவு பெரிய தலைவலின்னு சொல்லவே வேண்டாம்.

இந்த இடத்துலதான் நெல் ஜெயராமன் வராரு. திருத்துறைப்பூண்டி பக்கம் கட்டிமேடு ஊர்க்காரர், நம்மாழ்வாரோட வழியில வந்தவர். 2006-லேருந்து ஆதிரெங்கம் கிராமத்துல வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தினார். 174 பாரம்பரிய ரகங்களை மீட்டெடுத்தார்னு அவரைப் பத்திப் பேசும்போது எல்லாரும் அந்த எண்ணிக்கையைத்தான் சொல்வாங்க. என்னைக் கேட்டா, அதைவிடப் பெரிய விஷயம் அவர் வச்சிருந்த விதி. திருவிழாவுக்கு வர்ற விவசாயிக்கு ரெண்டு கிலோ விதை இலவசம். ஆனா அடுத்த வருஷம் அவர் நாலு கிலோவாத் திருப்பிக் கொடுக்கணும். அந்த நாலு கிலோ இன்னும் ரெண்டு பேருக்குப் போகும்.

இதை ஒரு சிஸ்டம் டிசைனா யோசிச்சுப் பாருங்க. ஒரு நெல்மணியோட எடை தோராயமா 20-லேருந்து 25 மில்லிகிராம். ரெண்டு கிலோன்னா 80,000-லேருந்து ஒரு லட்சம் விதை. ஒற்றை நாற்று நடவு பண்ணினா அது ஒரு ஏக்கருக்குப் போதும். ஒரு ஏக்கர்ல எவ்வளவு மோசமா விளைஞ்சாலும் நாலு கிலோ திருப்பிக் கொடுக்கறது கஷ்டமே இல்லை. கடன் சின்னது, யாரையும் அழுத்தாது. ஆனா அதுக்குள்ள ரெண்டு வேலை நடக்குது. எண்ணிக்கை இரட்டிப்பாகுது: எல்லாரும் ஒழுங்காத் திருப்பிக் கொடுத்தா பத்து வருஷத்துல ஒரு ரெண்டு கிலோ, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரெண்டு கிலோவா ஆகும். அதைவிட முக்கியம், ஒரே ரகம் வேற வேற ஊர்ல, வேற வேற மண்ணுல உட்காரும். ஒரு ஊர்ல வெள்ளம் வந்தாலும் இன்னொரு ஊர்ல இருக்கும்.

அது வெறும் கற்பனை இல்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அந்தப் பகுதியையே புரட்டிப் போட்டது. இருபது நாள் கழிச்சு, டிசம்பர் 6-ஆம் தேதி ஜெயராமன் புற்றுநோயால இறந்தார். விதைகள் எல்லாம் ஒரே குடோன்ல, ஒரே மனுஷன் பொறுப்புல இருந்திருந்தா, அந்த ஒரு மாசத்துல என்ன ஆகியிருக்கும்? ஆனா விதைகள் ஏற்கெனவே பல ஊர் விவசாயிகள்கிட்ட போயிருந்தது. 2021-ல தமிழ்நாடு அரசு அவர் பேர்லயே பாரம்பரிய நெல் பாதுகாப்பு இயக்கத்தை அறிவிச்சது.

இவ்வளவும் படிச்சிட்டு, பிரச்சினை பாதி முடிஞ்சு போச்சுன்னு நம்பிக்கிட்டுதான் ஊருக்குப் போனேன்.

பெரியப்பாவுக்கு மூணு ஏக்கர். ரெண்டரை ஏக்கர்ல எல்லாரையும் மாதிரி புது ரகம், அரை ஏக்கர்ல குழியடிச்சான். குழியடிச்சான், உவர் நிலத்தைத் தாங்கற ரகம். கடலோரத்துல உப்புத் தண்ணி ஏறின மண்ணுலயும் வரும். கடல் மட்டம் பத்தி நம்ம படிக்கிற செய்தியெல்லாம் பார்த்தா, டெல்டாவுக்கு நாளைக்குத் தேவைப்படப் போற நெல் இதுதான். ஆனா நீங்க எத்தனை பேர் இந்தப் பேரைக் கடையில பார்த்திருப்பீங்க?

நான் போனப்போ கதிர் வர ஆரம்பிச்சிருந்தது. பெரியப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வயலுக்குள்ள இறங்கினார். நானும் இறங்கினேன். பத்தடி போறதுக்குள்ள குனிஞ்சு ஒரு செடியை வேரோட பிடுங்கி வரப்புல போட்டார்.

"என்ன பெரியப்பா, நல்லாத்தானே இருந்தது?"

"அது கலவன்டா. நம்ம பயிரு இல்ல."

எனக்கு அது மத்த செடி மாதிரியேதான் தெரிஞ்சது. அவர் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார். உயரம் பார்க்கணும். மத்தது பூக்கறதுக்கு முன்னாடியே பூத்துட்டதான்னு பார்க்கணும். கதிர் எப்படி வளையுது, நெல்லு நுனியில மீசை இருக்கா, தூர்ல நிறம் என்ன. இதையெல்லாம் அவர் ஒரு பார்வையில பார்க்கறார். நான் அரை மணி நேரம் முயற்சி பண்ணி மூணு செடி பிடுங்கினேன். அதுல ரெண்டு தப்பு.

கலவன் எங்கேருந்து வருது? நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்துலயே சூல் பிடிக்கிற பயிர். பக்கத்து வயல் ரகத்தோட கலக்கறது நூத்துல ஒண்ணு மாதிரி, ரொம்பக் குறைவு. உண்மையான கலப்பு மெஷின்லேருந்து வருது. அறுவடை மெஷின் ஒரு வயல்ல அறுத்துட்டு அப்படியே அடுத்த வயலுக்கு வரும். அதோட வயித்துக்குள்ள பழைய வயல் நெல்லு ஒட்டிக்கிட்டிருக்கும். போன பட்டத்துல சிந்தின நெல்லும் தானா முளைக்கும். அதனால பெரியப்பா அந்த அரை ஏக்கரை மட்டும் ஆள் வச்சு அறுக்கறார், தனியா அடிக்கறார். ஆள் கிடைக்கறதும் கஷ்டம், கூலியும் அதிகம். மூணு வருஷம் கலவன் எடுக்காம விட்டா, மூட்டையில பேரு குழியடிச்சான்னு இருக்கும், உள்ளே இருக்கறது வேற எதுவாவோ ஆகியிருக்கும்.

அப்போதான் நான் ஒரு அதிபுத்திசாலிக் கேள்வி கேட்டேன். "அப்போ இருக்கறதுலயே நல்ல ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, அதுலேருந்து மட்டும் விதை எடுத்தா சுத்தமா இருக்குமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "எல்லாம் ஒரே அச்சா இருந்தா அது கம்பெனி விதைடா. இதுல ஒண்ணு ரெண்டு நாள் முன்னப் பின்ன பூக்கும், ஒண்ணு கொஞ்சம் தண்ணி தாங்கும், ஒண்ணு கொஞ்சம் காய்ச்சல் தாங்கும். எந்த வருஷம் எது வரும்னு யாரு கண்டா?"

விதைக்குக் கதிர் எடுக்கும்போது அவர் வயலோட நாலு மூலையிலயும் நடுவுலயும் எடுக்கறார். வாய்க்கால் ஓரம், மேட்டுப் பக்கம், எல்லா இடத்துலயும். நம்ம ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸ்ல சாம்பிளிங் பயஸ்னு ஒரு செமஸ்டர் படிச்சோம். அவர் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை.

இது அறிவியல்படியும் சரி. நாட்டு ரகம்னா ஒரே செடியோட லட்சம் நகல் கிடையாது. ஒண்ணுக்கொண்ணு நெருங்கின, ஆனா கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட பல வரிசைகள் சேர்ந்த ஒரு கூட்டம். வெளியாளை எடுக்கணும், ஆனா குடும்பத்துக்குள்ள இருக்கிற வேறுபாட்டை அழிச்சிடக் கூடாது. அந்தக் கோடு எங்கே இருக்குன்னு தெரியறதுக்குத்தான் நாப்பது வருஷம் வயல்ல நிக்கணும் போல. 174 ரகம் இருக்குன்னு எண்ணிக்கிட்டு நம்ம சந்தோஷப்படலாம். ஆனா ஒவ்வொரு பேருக்கும் பின்னாடி இந்தக் கண்ணோட ஒருத்தர் வயல்ல இருக்காரா? அதுதான் என் கவலை.

சாயங்காலம் திண்ணையில உட்கார்ந்து பணக் கணக்குப் பேசினோம். பெரியம்மா டீ கொண்டு வந்து வச்சுட்டு, "நீயாவது சொல்லு தம்பி, இந்த வருஷத்தோட அதை நிறுத்தச் சொல்லு. முட்டி வலிச்சுக்கிட்டு சேத்துல நிக்கறாரு"ன்னாங்க.

கணக்கு இதுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல ரெண்டே வகை: சன்ன ரகம், பொது ரகம். அது குழியடிச்சானா, வேற எதுவான்னு அவங்களுக்குத் தேவையில்லை, விலையும் மாறாது. பாரம்பரிய ரகம் விளைச்சலோ குறைவு. அப்போ தனியா அரிசியாக்கி நகரத்துல விக்கணும். அதுக்கு மில்லுல ஒரு குறைஞ்சபட்ச அளவு வேணும். ஏழு மூட்டைக்காக மெஷினைச் சுத்தம் பண்ணி ஓட்டித் தர யாரும் தயாரா இல்லை. கருப்பு கவுனிக்கும் மாப்பிள்ளை சம்பாவுக்கும் மொத்தமா வாங்க ஆள் இருக்கு, மில்லும் இருக்கு, ஏன்னா நம்ம எல்லாரும் இன்ஸ்டாகிராம்ல அதே ரெண்டைத்தான் பார்க்கறோம். அவரைச் சுத்தி இருக்கிற இயற்கை விவசாயிகள்ல பல பேர், மத்த நாட்டு ரகத்தையெல்லாம் விட்டுட்டு அதுக்கே மாறிட்டாங்களாம்.

இதைக் கேட்டதும்தான் அவர் போன்ல சிரிச்சதோட அர்த்தம் புரிஞ்சது. 60-கள்ல அரசாங்கமும் பசியும் சேர்ந்து பல ரகத்தைச் சில ரகமாக் குறைச்சது. இப்போ அதே வேலையை நான், நீங்க, நம்ம கடை அலமாரி சேர்ந்து பண்றோம், பாரம்பரியம்ங்கற பேர்ல. ரேட்டிங்ல மேலே இருக்கறது இன்னும் மேலே போகும், கீழே இருக்கறது கண்ணுலயே படாது. இந்த அல்காரிதத்தை எழுதறவங்க நம்ம ஆளுங்கதானே?

"அடுத்த வருஷம் போடுவீங்களா பெரியப்பா?"

"தெரியலடா. விதை நெல்லு ஒரு வருஷம் கிடக்கும், மிஞ்சினா ரெண்டு. அதுக்கு மேல முளைக்காது. ஒரு வருஷம் விட்டோம்னா அடுத்த வருஷம் பயமாத்தான் இருக்கும்."

அவருக்கு அறுபத்தெட்டு வயசு. அண்ணன் கோயம்புத்தூர்ல வேலை பார்க்கறான். அந்தக் கண்ணு அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

ராத்திரி பஸ்ல வரும்போது கணக்குப் போட்டேன். அரை ஏக்கர், ஏழு மூட்டை, மூட்டைக்கு அறுபது கிலோ. 420 கிலோ நெல். விதைக்கு இருபது கிலோ போக, மீதி நெல்லை அரைச்சா சுமார் 250 கிலோ அரிசி. ஆறு வீடு சேர்ந்தா, வீட்டுக்கு மாசம் மூணரை கிலோ. இட்லிக்கும் கஞ்சிக்கும் போட்டாலே தீர்ந்துடும். ஆபீஸ்லயும் அப்பார்ட்மென்ட்லயும் கேட்டேன். ஆறு வீடு கிடைச்சது. விதைக்கறதுக்கு முன்னாடியே பாதிப் பணத்தைக் கொடுத்துடறது, விளைச்சல் குறைஞ்சா குறைஞ்சதை வாங்கிக்கறதுன்னு பேசியிருக்கோம். அறுவடைக் கூலியும் அதுக்குள்ள வருது. மில் பிரச்சினைக்கு, பக்கத்து ஊர்ல ஒரு சின்ன மெஷின் வச்சிருக்கிறவரைப் பெரியப்பா கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கார்.

இதை ஒரு பெரிய சாதனையா சொல்லலை. அரை ஏக்கர், ஒரு ரகம், ஒரு வருஷம். கலவன் எடுக்கற கண்ணைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. அதுக்காக, அடுத்த பட்டத்துல கதிர் வர்ற நேரத்துல எங்க ஆறு பேர்ல மூணு பேர் ஒரு வாரம் ஊருக்குப் போறதா இருக்கோம். செடி தப்பாப் பிடுங்கித் திட்டு வாங்கறதுக்கு.

உங்களுக்கும் இதே மாதிரி ஏதாவது தொடர்பு இருக்கும். தாத்தா ஊர்ல, மாமா வயல்ல, நண்பனோட அப்பாகிட்ட. கடைக்காரர்கிட்ட "எது ஃபேமஸ்"னு கேக்கறதுக்குப் பதிலா, அவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "யாரும் வாங்காத ரகம் எது போடறீங்க?" பதில் வந்தா எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. ரகத்தோட பேரு, ஊரு, எந்த மண்ணு, எந்தப் பட்டம், இந்த நாலும் இருந்தா போதும். சேர்த்து ஒரு தனி எபிசோடாப் போடலாம்.

பெரியப்பா கிளம்பும்போது ஒரு துணிப்பையில ரெண்டு கிலோ விதை நெல்லு கட்டிக் கொடுத்தார். "எனக்கு எங்கே பெரியப்பா நிலம்"னு கேட்டேன். "உனக்கு யாரு குடுத்தா? நிலம் வச்சிருக்கவன் எவனாவது கேட்டா குடு. நாலு கிலோ திருப்பி வாங்கிக்கிட்டு வா"ன்னார்.

அந்தப் பை இப்போ என் மேஜை மேலதான் இருக்கு. வர்ற சம்பாவுக்குள்ள ஒரு ஆளைக் கண்டுபிடிக்கணும். கடலோரமா, உப்பு ஏறின நிலம் வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.